பக்கத்து இருக்கை காலி!

சைக்கிள் பழகிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் காரியரைப் பிடித்துக்கொண்டு அண்ணனோ அக்காவோ ஓடி வருவார். அவர் பிடித்திருக்கிறார் என்ற தைரியத்தில் நாம் மிதிப்போம். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அவர் தெருக்கோடியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்! உடனே ஹேண்டில் ஆடத் தொடங்கும். வண்டி அதே வண்டிதான். தெருவும் அதே தெருதான். பிடித்திருந்த கை மட்டும் இப்போது இல்லை.

விமானம் ஓட்டப் பழகும் மாணவருக்கும் இப்படி ஒரு நாள் வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சைக்கிளில் பயம் வந்தால் காலை ஊன்றி நின்றுவிடலாம். 300 மீட்டர் உயரத்தில் எங்கே காலை ஊன்றுவது? மேலே ஏறியவர் விமானத்தைத் தாமே கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். வேறு வழியில்லை.

அப்படியானால், பயிற்சி ஆசிரியர் எந்த நம்பிக்கையில் மாணவரைத் தனியே அனுப்புகிறார்? மாணவரின் நெஞ்சு ஏன் படபடக்கிறது? அந்தப் படபடப்பு எப்படித் தணிகிறது? வாருங்கள், பார்ப்போம்.

வானில் ஒரு செவ்வகம்

உலகெங்கும் பல்லாயிரம் பேர் பழகிய ஒரு சிறிய விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் செஸ்னா 152. அமெரிக்காவில் 1977 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. ஒற்றை என்ஜின், பக்கத்தில் பக்கமாக இரண்டு இருக்கைகள். இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் ஆசிரியர். இருவர் முன்னும் கட்டுப்பாட்டுப் பிடிகள் உண்டு. மாணவர் தவறு செய்தால் ஆசிரியர் உடனே திருத்திவிடலாம்.

முதல் தனிப் பயணம் ஊர் விட்டு ஊர் செல்வதன்று. ஓடுபாதையிலிருந்து கிளம்பி, விமான நிலையத்தைச் செவ்வக வடிவில் ஒருமுறை சுற்றி, அதே ஓடுபாதையில் இறங்க வேண்டும். இதைச் 'சர்க்யூட்' என்பார்கள். முழுச் சுற்றுக்கும் சில நிமிடங்களே ஆகும்.

விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே கிளம்பும். காரணம் எளிது. இறக்கைக்கு வேண்டியது தன்மேல் பாயும் காற்றின் வேகம். தரை எவ்வளவு வேகமாகப் பின்னால் போகிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. செஸ்னா 152-இன் மூக்கைத் தூக்க 50 நாட் காற்று வேகம் தேவை. இது மணிக்கு ஏறத்தாழ 93 கிலோமீட்டர். எதிர்க்காற்று 10 நாட் வேகத்தில் வீசினால், விமானம் தரையில் 40 நாட் வேகத்தில் ஓடினாலே போதும். மீதி 10 நாட்டைக் காற்று இலவசமாகத் தந்துவிடுகிறது!

கிளம்பிய விமானம் நேராக ஏறும். பிறகு ஒரு திருப்பம். 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர் உயரம் வந்ததும், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்க வேண்டும். இந்த நீண்ட பக்கத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளும். இங்கேதான் மாணவர் இறங்குவதற்கான சரிபார்ப்புகளைச் செய்து, ரேடியோவில் தம் இடத்தைச் சொல்வார். பிறகு என்ஜின் விசையைக் குறைத்து, இறங்கியபடியே இரு திருப்பங்கள். இப்போது ஓடுபாதை நேர் எதிரே தெரியும். ஏறத்தாழ 60 நாட் வேகத்தில் அதை நோக்கி இறங்கி, தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தி, சக்கரங்களைத் தரையில் பதிக்க வேண்டும்.

இதே சுற்றை ஆசிரியருடன் மாணவர் எத்தனையோ முறை சுற்றியிருப்பார். தனியே செல்லும் நாளில் புதிதாகச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை!

எப்போது அனுப்புகிறார்?

'இத்தனை மணி நேரம் பறந்தால் போதும்' என்று கணக்கு எதுவும் இல்லை. சிலருக்கு 10 மணி நேரத்தில் அந்த நாள் வரும். சிலருக்கு 20 மணி நேரம் ஆகும். இன்னும் கூடுதலாக ஆனாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல தரையிறக்கம் ஒன்றைக் கண்டு ஆசிரியர் மயங்கிவிட மாட்டார். அடுத்தடுத்துப் பல முறை ஒரே சீராக இறங்குகிறாரா என்று பார்ப்பார். அதைவிட முக்கியமாக, இறக்கம் சரியாக அமையாதபோது மாணவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். 'என்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள், என்ன செய்வாய்?' என்று கேட்டுச் செய்துகாட்டச் சொல்வார்.

ஒரு பறத்தலில் ஆசிரியர் வாயே திறவாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பறத்தலை ஓட்டியவர் மாணவரே. பக்கத்தில் இருந்தவர் வெறும் பயணி!

காற்று அமைதியாக உள்ள நல்ல நாளாகப் பார்த்து, பல ஆசிரியர்கள் முன்னறிவிப்பு இல்லாமலே கதவைத் திறந்து இறங்கிவிடுவார்கள். 'ஒரு சுற்றுப் போய் வா' என்பதோடு சரி. முதல் நாளே சொன்னால் மாணவர் இரவெல்லாம் தூங்காமல் தவிப்பாரே!

எடை குறைந்தால்?

ஆசிரியர் இறங்கியதும் இரண்டு மாறுதல்கள் நேர்கின்றன. ஒன்று மாணவரின் மனத்தில், மற்றொன்று விமானத்தில். முதலில் விமானத்தைப் பார்ப்போம்.

செஸ்னா 152 சுமக்கக்கூடிய மொத்த எடை, தன் எடையையும் சேர்த்து, 757 கிலோகிராம். ஆசிரியரின் எடை 75 கிலோ என்று கொண்டால், பத்தில் ஒரு பங்கு எடை ஒரே நொடியில் இறங்கிப் போகிறது. பேருந்திலிருந்து ஒருவர் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. இந்தச் சிறு விமானத்தில் நன்றாகவே தெரியும்.

முழு எடையுடன் இது கடல்மட்ட உயரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 715 அடி ஏறும். எடை குறைந்தால் இன்னும் விரைவாக ஏறும். பழக்கப்பட்ட மரமோ குளமோ வருமுன்னே 1,000 அடி வந்துவிடும். 'என்ன இது, இவ்வளவு சீக்கிரம்!' என்று மாணவர் திகைப்பார்.

இறங்கும்போது இன்னொரு வியப்பு. எடை குறைவானால் அதைத் தாங்கத் தேவையான தூக்கு விசையும் குறைவு. பழைய வேகத்திலேயே வந்தால், இறக்கை தேவைக்கு மேல் தூக்கும். மேலும், செஸ்னாவின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி சுமார் 10 மீட்டர். விமானம் அதைவிடத் தாழ்வாக, தரையை ஒட்டிப் பறக்கும்போது, இறக்கை நுனிகளில் உண்டாகும் காற்றுச் சுழல்களைத் தரை தடுக்கிறது. அதனால் பின்னிழுக்கும் விசை குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, விமானம் தரையில் உட்காராமல் ஓடுபாதைமேல் மிதந்துகொண்டே செல்லும்.

இதை முன்னரே அறிந்த மாணவர், 'எடை குறைவு, அதனால் மிதக்கிறது. பொறுத்திருப்போம்' என்று காத்திருப்பார். அறியாதவர் விமானத்துக்கு என்னவோ ஆகிவிட்டதென்று கலங்குவார். விமானம் இருவருக்கும் ஒன்றுதான்!

உடலுக்குள் ஓர் அபாய மணி

இப்போது மனத்தைப் பார்ப்போம். காலி இருக்கையைக் கண்டதும் மாணவரின் உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. ஏன்?

நம் சிறுநீரகங்களின் மேல், தொப்பி வைத்ததுபோல் இரண்டு சுரப்பிகள் உள்ளன. ஆபத்து என்று மூளை கருதியதும் அவை அட்ரினலின் என்ற பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் 100-ஐத் தாண்டிவிடும். தசைகளுக்கு அதிக இரத்தம் பாயும். கண் பாவை விரியும். புலியைக் கண்டு ஓடிய நம் முன்னோர்க்கு இந்த ஏற்பாடு உயிர் காத்தது.

ஆனால் விமானத்தில் ஓட இடமில்லை. இறுகிய கை, பிடியை நசுக்கும். அப்போது காற்று பிடியின் வழியே அனுப்பும் மெல்லிய செய்திகளைக் கை உணராது. கவனமும் சுருங்கிவிடும். ஓடுபாதையையே வெறித்துப் பார்த்து வேகமானியை மறந்துவிட நேரும்.

அப்படியானால் பயமே இல்லாதிருப்பது நல்லதா? அதுவும் இல்லை. 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிவியலார் எலிகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி தந்து, சரியான வழியைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிக வலிய அதிர்ச்சியும் உதவவில்லை. மிக மெலிந்த அதிர்ச்சியும் உதவவில்லை. நடுத்தரமானதே நன்கு உதவிற்று. மனிதருக்கும் ஏறத்தாழ இப்படித்தான் என்கிறார்கள் உளவியலார். சிறிது படபடப்பு விழிப்பைத் தரும். அளவு மிஞ்சினால் அறிவை மறைக்கும்.

படபடப்பை அளவுக்குள் கொண்டுவர ஓர் எளிய வழி, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும். பிடியை முழுக் கையால் இறுக்காமல் விரல்களால் பிடிக்கச் சொல்வதும் இதற்காகவே.

பயம் 'இழு' என்கிறது. அறிவு 'தள்ளு' என்கிறது

உள்ளுணர்வை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஸ்டால்' எனப்படும் நிலை. விமானம் வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காக்க மூக்கை மேலும் மேலும் தூக்க வேண்டியிருக்கும். இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணம் சுமார் 15 பாகைக்கு மேல் போனால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொள்ளும். தூக்கு விசை திடீரெனக் குறையும். மூக்கு கீழே கவிழும்.

மூக்கு கவிழ்ந்தால் பயந்த மனிதர் என்ன செய்வார்? பிடியை இழுத்து மூக்கைத் தூக்கப் பார்ப்பார். அப்படிச் செய்தால் கோணம் இன்னும் பெருகி நிலைமை மோசமாகும். செய்ய வேண்டியது நேர் எதிரானது. பிடியை முன்னே தள்ளி, கோணத்தைக் குறைத்து, என்ஜின் விசையைக் கூட்ட வேண்டும். காற்று மறுபடி இறக்கையைத் தழுவிக்கொள்ளும்.

கணக்கு ஒன்றையும் பாருங்கள். முழு எடையுள்ள செஸ்னா 152 நேராகப் பறக்கையில், இறக்கை மடிப்புகளை இறக்காத நிலையில், சுமார் 48 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும். உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பினால் இது 52 நாட் ஆகிறது. 60 பாகை சாய்ந்தாலோ 68 நாட்! இறங்க வரும் விமானத்தின் வேகம் அதைவிடக் குறைவு. அதனால்தான் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிவிட்டால், அவசரப்பட்டுச் செங்குத்தாகச் சாய்ந்து திரும்பக் கூடாது என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இந்த அறிவு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு பக்க இறக்கை மற்றதைவிட அதிகமாக ஸ்டால் ஆனால், விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே விழும். தொடக்க காலத்தில் இதில் சிக்கியவர்கள் பிழைப்பது அரிது. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை அதிகாரி இப்படிச் சுழலில் சிக்கினார். பிடியை இழுத்துப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் வால் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் முழுவதும் திருப்பினார். தரைக்கு மிக அருகே சுழற்சி நின்றது, அவர் பிழைத்தார். கீழே நின்று பார்த்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுக் குறித்து வைத்தார்கள்.

முதல் உலகப் போரின்போது ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற ஆங்கிலேய விமானி, விமானப் பயிற்சியையே மாற்றியமைத்தார். 1917-ல் கோஸ்போர்ட் என்ற ஊரில் அவர் நடத்திய பள்ளியில், ஆபத்தான நிலைகளை மாணவரிடமிருந்து மறைக்கவில்லை. ஆசிரியர் உடனிருக்க, போதிய உயரத்தில், மாணவரையே அந்த நிலைகளுக்குள் கொண்டுபோய் மீளப் பழக்கினார்கள். என்ஜின் இரைச்சலில் ஆசிரியரின் குரல் கேட்க ஒரு பேச்சுக் குழாயும் வைத்தார்கள். அதற்குக் கோஸ்போர்ட் குழாய் என்றே பெயர் நிலைத்தது. 'என்ன ஆகுமோ' என்ற கேள்விதான் பயத்தைப் பெரிதாக்குகிறது. அதற்கு விடை தெரிந்தவருக்குச் செய்ய வேண்டிய வேலை தெரியும். இன்றும் தனியே அனுப்புமுன் ஸ்டாலிலிருந்து மீள்வதைக் கட்டாயம் பழக்குகிறார்கள்.

கை தானே செய்யும் வரை

புதிய மாணவருக்கு எல்லாமே ஒரே நேரத்தில் வருவதுபோல் தோன்றும். வேகம், உயரம், திசை, ரேடியோ, பிற விமானங்கள்! நம் மனம் ஒரே சமயத்தில் சில செய்திகளைத்தான் ஏந்தி வைத்திருக்க முடியும். உங்கள் அம்மா பக்கத்து வீட்டாருடன் பேசிக்கொண்டே பூக் கட்டுவதைப் பாருங்கள். முதன்முதல் கட்டியபோது அவராலும் பேசியிருக்க முடியாது. பலமுறை செய்த செயல், நினைப்பின் உதவியின்றித் தானே நடக்கத் தொடங்குகிறது. அப்போது மனம் மற்றவற்றைக் கவனிக்க ஓய்வு பெறுகிறது. பறத்தலிலும் இதுவே முன்னேற்றத்தின் அடையாளம். வேகத்தைக் காப்பது கைக்கு வந்துவிட்டால், மனம் அடுத்த திருப்பத்தைப் பற்றி எண்ணலாம்.

ஆனால் பழக்கத்தை மட்டும் நம்பவும் கூடாது. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகே போயிங் 299 என்ற பெரிய விமானம் கிளம்பியவுடன் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதிக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்து வரிசையாகப் படித்துச் செய்யும் வழக்கம் வேரூன்றியது. முதல்முறை தனியே செல்லும் மாணவருக்கு இது பெரிய துணை. பதற்றத்தில் நினைவு தவறலாம். தாளில் அச்சிட்டது தவறாது.

மீண்டும் ஒரு சுற்று

இறங்கும்போது விமானம் மிக உயரமாகவோ வேகமாகவோ வந்துவிட்டால்? தரையில் பட்டுப் பந்துபோல் எம்பினால்? மாணவர் அதை எப்படியாவது அழுத்தி இறக்கப் பார்க்கக் கூடாது. என்ஜினுக்கு முழு விசை கொடுத்து, மறுபடி ஏறி, இன்னொரு சுற்றுப் போய் வரவேண்டும். இது தோல்வியன்று. பெரிய பயணி விமானங்களின் தலைமை விமானிகளும் செய்வதுதான். 'கீழே எல்லாரும் பார்க்கிறார்களே' என்று தயங்காமல் இந்த முடிவை எடுக்கும் மாணவரே தனியே பறக்கத் தகுதி பெற்றவர்.

முதல் சுற்று முடிந்து இறங்கியவருக்கு ஊருக்கு ஊர் ஒரு வரவேற்பு உண்டு. சில இடங்களில் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டுவார்கள். அமெரிக்காவில் சட்டையின் பின்பக்கத்தை வெட்டித் தேதி எழுதி மாட்டுவார்கள். அந்நாளில் ஆசிரியர் பின் இருக்கையிலிருந்து மாணவரின் சட்டையை இழுத்துத்தான் கவனத்தைத் திருப்புவாராம். இனி இழுக்க வேண்டிய தேவை இல்லை என்பதன் அடையாளமாம் அது!

கொண்டாட்டம் முடிந்தாலும் பயிற்சி முடியவில்லை. அடுத்த நாள் ஆசிரியர் மறுபடி உடன் ஏறுவார். சில சுற்றுகள் பார்த்துவிட்டு மீண்டும் இறங்கிக்கொள்வார். இரண்டாம், மூன்றாம் தனிப் பறத்தல்களில் இறக்கம் முன்னைவிட மோசமாக அமைவதும் உண்டு. பக்கவாட்டுக் காற்று வீசும் நாள் புதிய பாடம். சுற்றை விட்டு வெளியே சென்று, விமான நிலையம் கண்ணுக்கு மறைந்ததும் பழைய படபடப்பு திரும்பவும் எட்டிப் பார்க்கும். ஆனால் இம்முறை அது விரைவில் தணிந்துவிடும்.

தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் பொது அளவு ஒன்றை வகுத்துள்ளது. மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரமாவது தனியே. அவற்றுள் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர் செல்லும் பயணம். குறைந்தது 270 கிலோமீட்டர் கொண்ட ஒரு பயணத்தில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கியும் காட்ட வேண்டும். சில நிமிடச் சுற்றில் தொடங்கியவர் இவ்வளவு தூரம் வந்துவிடுகிறார்!

நீங்களே செய்து பாருங்கள்

1. காகித விமானம் ஒன்று செய்யுங்கள். இறக்கைகளின் பின் ஓரத்தைச் சற்று மேல்நோக்கி மடித்து மெதுவாக எறியுங்கள். மூக்கு உயரும், வேகம் குறையும், பிறகு மூக்கு கவிழும். இதுவே ஸ்டால். இப்போது மூக்கில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகி எறிந்து பாருங்கள். மூக்கு தாழ்ந்து, பறத்தல் சீராவதைக் காண்பீர்கள்.

2. மணிக்கட்டில் நாடியைத் தொட்டு, 15 வினாடியில் எத்தனை துடிப்பு என எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும்போது ஒருமுறையும், வகுப்பில் எல்லார் முன்னும் பேச எழுமுன் ஒருமுறையும் எண்ணுங்கள். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் விடாமல் பேசிப் பழகிய பிறகு மீண்டும் எண்ணி, எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள்.